பழைய வேன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவாரே தவிர, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டை ஓட்டி வர மாட்டார். சுழி பார்ப்பார்; நடக்க விட்டுப் பார்ப்பார்; குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அதே விவசாயி, மாட்டைப் போல் பல மடங்கு விலையுள்ள பழைய வேன் ஒன்றை வாங்கும்போது, பெயிண்ட் பளபளப்பையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்து விடுகிறார்.

தளவாய்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் தென்னை பற்றிப் பேசுவதற்காகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு விவசாயி தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கொட்டகையில் மாடுகள் கட்டியிருந்த இடத்தில் ஒரு வேன் நின்றது. இரண்டு கறவை மாடுகளை விற்று, நகையையும் அடகு வைத்து, 14 ஆண்டு பழைய அந்த வேனை வாங்கியிருக்கிறார். முக்கால் ஏக்கர் மல்லிகை. விடியற்காலையில் பறித்த பூவைச் சங்கரன்கோவில் சந்தைக்கு நேரத்தோடு கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கிய மூன்றாவது வாரம், பூவோடு போகும்போது வழியில் வண்டி நின்றுவிட்டது. முன் இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி. வேறு வண்டி பிடித்துப் போவதற்குள் ஏலம் முடிந்து, மொக்கு மலர்ந்து, கேட்ட விலைக்குக் கொடுத்து வந்தார். பட்டறையில் இயந்திரத்தைப் பிரித்தபோது, ரேடியேட்டர் முழுவதும் மஞ்சள் கசடு. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் சிறு ஓட்டை தற்காலிகமாக அடைபடும். விற்றவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஓட்டை அடைபட்டது, கூடவே நீர் ஓடும் நுண்குழாய்களும் அடைபட்டன.

“மாட்டுக்குப் பல்லைப் பார்க்கத் தெரியும் ஐயா, இதுக்கு எதைப் பார்க்கிறதுன்னு யாரும் சொல்லலையே” என்றார் அவர். அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை. நான் மோட்டார் பொறியாளன் அல்லன். பண்ணை இயந்திரத் துறை நண்பர்களிடமும், நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமும் கேட்டறிந்ததையும், கண்ணால் கண்டதையும் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

நம் ஊர்களில் கிடைக்கும் வேன்கள்

சிறு விவசாயி வாங்கக்கூடிய விலையில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஆம்னி. 1984-ஆம் ஆண்டில் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி எனப் பெயர் மாற்றம் பெற்றது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. பெட்ரோல் இயந்திரம். புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றவாறு இதை மாற்றி அமைக்க இயலாது என்பதால் 2019-இல் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனவே இன்று எந்த ஆம்னியை வாங்கினாலும் அது பழைய வண்டியே. மற்றொன்று 2010-இல் வந்த ஈக்கோ. நான்கு சிலிண்டர், சுமார் 1,200 சி.சி. இரண்டிலும் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. பின் சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. எர்டிகா, டவேரா போன்ற பெரிய வண்டிகளும் பழைய விலைக்கு வருகின்றன.

இயந்திரம் இருக்கைக்கு அடியில் இருப்பதால் சாமான் வைக்க இடம் கூடுகிறது. ஆனால் அதனாலேயே சில குறைகளும் உண்டு. காற்றோட்டம் குறைவு, இயந்திரத்தைத் தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் வராது. ஆம்னியில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னே ஒரு தகடுதான் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இது வேகத்துக்கான வண்டி அன்று.

எப்போது பார்க்க வேண்டும்?

வண்டியைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். “நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனதும் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியை முன்னதாகவே ஓட்டி வைத்திருக்கலாம். அப்படியானால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது. இரவிலும் மழையிலும் வண்டி பார்க்கக் கூடாது. ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் பளபளக்கும்.

நீங்கள் நம்பும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் கூட்டி வரும் மெக்கானிக் கணக்கில் சேராது. ஒரு நாள் கூலி கொடுத்தாலும் அது வீண் செலவு ஆகாது.

இயந்திரமும் குளிர்விப்பும்

1. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். உள்ளே பச்சை, சிவப்பு, நீலம் போன்ற குளிர்விப்புத் திரவத்தின் தெளிவான நிறம் இருந்தால் நன்று. செந்துரு நிறமோ, மஞ்சள் கசடோ, எண்ணெய்ப் படலமோ இருந்தால் எச்சரிக்கை.

2. ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மோர் போன்ற வெண்மையான படலம் திரண்டிருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இதற்குப் பழுது பார்க்கும் செலவு சிறியதன்று.

3. ஸ்டார்ட் செய்தபின் 20 நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓட விடுங்கள். வெப்பமானி பாதிக்கு மேல் ஏறாமல் நிற்க வேண்டும். ரேடியேட்டர் விசிறி தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். விசிறி ஓடாத வண்டி, திருவிழாக் கூட்டத்திலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது கொதித்துவிடும்.

4. புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்துள்ளன. இயந்திரம் சூடான பின்னும் வெண்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் செல்கிறது. இது பெரும்பாலும் சரி செய்யக்கூடியது.

5. ஆம்னி இயந்திரத்தில் பல் வார் ஒன்று உண்டு. டைமிங் பெல்ட் என்பார்கள். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, வாங்கியவுடன் மாற்றிவிட வேண்டும். அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும்.

இங்கே ஒரு சொல். நம் பக்கத்துக் கிணறுகளில் பலவற்றில் உப்புத் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயின் துளைகளை எந்த உப்பு அடைக்கிறதோ, அதே உப்புதான் ரேடியேட்டரையும் அடைக்கிறது. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை அடியோடு நிறுத்துங்கள். கடையில் விற்கும் குளிர்விப்புத் திரவத்தையே, டப்பாவில் சொன்ன அளவுக்குச் சுத்தமான வாலை வடிநீருடன் கலந்து ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு வேறு தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், வீடு திரும்பியதும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

கிளட்ச், கியர், பின் அச்சு

சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்னால் ஆளில்லாததை உறுதி செய்துகொண்டு, கை பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இயந்திரம் திணறி அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்குகிறது.

ஓட்டும்போது கியர் ஒவ்வொன்றும் சண்டையின்றி விழ வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே துள்ளினால் கியர் பெட்டியில் தேய்மானம் உண்டு. வண்டி நகரத் தொடங்கும்போது அடியில் ‘டக்’ என்று ஓர் ஓசை வந்தால், பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். இது சிறு செலவுதான். வேகம் கூடக் கூட ‘ஊ’ என்று ஊளையிடும் ஓசை பின்னாலிருந்து வந்தால், அது கிரௌன் பல்சக்கரம், செலவு பெரிது.

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வெறும் வண்டி நல்ல சாலையில் ஓடுவதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

பிரேக், ஸ்டீயரிங், டயர்

பழைய வேனில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் இது.

பிரேக்கை மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது. சக்கரங்களின் உட்புறத்தில் ஈரக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய எண்ணெய், தொடர்ந்து பிரேக் போடும் மலை இறக்கத்தில் கொதித்து, மிதி வெறுமனே உள்ளே போய்விடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்த பின், சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகள் தேய்ந்துள்ளன. மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங் அல்லது கீழ் இணைப்பு. இவை சிறு உறுப்புகள். ஆனால் ஓடும்போது கழன்றால் வண்டி உங்கள் சொல் கேட்காது.

பின்னால் உள்ள வில் தகடுகளில் விரிசல் உண்டா, வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அதிக பாரம் சுமந்த வண்டியை இது காட்டிக் கொடுக்கும்.

டயரின் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். நிழலில் நின்ற வண்டியின் டயரில் பட்டன் இருக்கும். ஆனால் ரப்பர் இறுகி வெடித்திருக்கும்.

உர மூட்டையும் துருவும்

நம் வேனில் உரம் ஏறும், சாணம் ஏறும், பூவும் காயும் ஈரத்தோடு ஏறும். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது ஒருவகை உப்பே. யூரியாவும் ஈரத்தை இழுக்கும். மூட்டையிலிருந்து சிந்திய ஒரு பிடி உரம் தரை விரிப்புக்கு அடியில் ஒரு மழைக்காலம் கிடந்தால் தகட்டைத் தின்றுவிடும். எனவே வாங்கும்போது விரிப்பை முழுவதும் தூக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் தயங்கினால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தரைத் தகடு, சக்கர வளைவுகள், ஜாக்கி வைக்கும் இடம், இருக்கையும் பெல்ட்டும் பூட்டிய இடம், நழுவும் கதவின் தண்டவாளம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு. மந்தமாக ஒலித்தால் பட்டியும் பெயிண்டும். நழுவும் கதவை மூடிவிட்டு, உள்ளிருந்து தோளால் தள்ளிப் பாருங்கள். அந்தப் பக்கம்தான் நம் குழந்தைகள் உட்காரப் போகிறார்கள்.

துரு செய்யும் வேலைக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 6 லட்சம் சியன்னா வேன்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, வண்டிக்கு அடியில் மாற்றுச் சக்கரத்தைத் தாங்கும் கம்பி வடத்தை அரித்து, ஓடும்போதே சக்கரம் சாலையில் விழ வாய்ப்பு ஏற்பட்டதே காரணம். அங்கே சாலை உப்பு. இங்கே உர உப்பு. வேலை ஒன்றுதான்.

காஸ், வயர், தீ

2020 பிப்ரவரி 15-ஆம் நாள் பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டம் லோங்கோவாலில், பள்ளிப் பிள்ளைகள் 12 பேரை ஏற்றி வந்த பழைய வேன் தீப்பற்றியது. நான்கு குழந்தைகள் கருகி இறந்தனர். பழைய வேனில் பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய நாள் இது.

வேனில் தீக்குக் காரணமாவன மூன்று: கசியும் எரிபொருள் குழாய், கண்டபடி ஒட்டுப் போட்ட வயர், அனுமதியற்ற காஸ் அமைப்பு. நம் வைக்கோல் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு எலியும் ஒரு காரணம். எலி கடித்த வயரில் செம்பு வெளியே தெரியும். இருக்கையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனை சிறிதளவு இருந்தாலும் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

காஸ் வண்டியாக இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் காஸ் எரிபொருள் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவில்லாத காஸ் வண்டிக்கு விபத்தின்போது இன்சூரன்ஸ் கேட்பது கடினம். எல்.பி.ஜி. தொட்டியை 5 ஆண்டுக்கு ஒருமுறையும், சி.என்.ஜி. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறையும் அழுத்தச் சோதனை செய்தல் வேண்டும். கடைசிச் சோதனையின் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அடுப்புக்கு வைக்கும் வீட்டுச் சிலிண்டரை வேனில் பூட்டி ஓட்டுவது சட்டவிரோதம். அப்படி ஓடிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025-ஆம் ஆண்டில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதத்தை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எத்தனால் கிடைப்பதால் விவசாயிக்கு இது நல்ல செய்தி. ஆனால் அதே விவசாயியின் பழைய வேனுக்குச் சில முன்னெச்சரிக்கைகள் வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் குழாய்களும் வளையங்களும் இந்தக் கலவைக்கு ஏற்றவை. அதற்கு முந்திய வண்டிகளில், குறிப்பாகக் கார்புரேட்டர் உள்ள பழைய ஆம்னியில், ரப்பர்க் குழாய்கள் நாளடைவில் உப்பியோ வெடித்தோ கசியலாம்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் சற்றே குறையும். இதை இயந்திரக் கோளாறு என எண்ணிப் பட்டறைக்கு அலைய வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியைப் பருவத்துக்குப் பருவம் மட்டும் எடுப்பவர்கள் தொட்டியில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடக் கூடாது. வாங்கியவுடன் எரிபொருள் ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றி, வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள்.

நிறுவனம் திரும்ப அழைத்த வண்டியா?

தயாரிப்பிலேயே குறை இருந்தது பின்னால் தெரிய வந்தால், அந்தத் தேதிகளில் தயாரான வண்டிகளையெல்லாம் நிறுவனம் திரும்ப அழைக்கும். வண்டியைப் பிடுங்கிக் கொள்வார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியன்று. குறையுள்ள உறுப்பைச் சோதித்து, இலவசமாக மாற்றித் தருவதே இதன் பொருள்.

சில உதாரணங்கள்:

2013-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் டவேரா வண்டிகளைப் புகை விதிகள் தொடர்பான குறைக்காகத் திரும்ப அழைத்தது. அந்நிறுவனம் 2017-இன் இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. எனவே டவேரா வாங்குபவர்கள் உதிரி உறுப்புகள் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டே விலை பேச வேண்டும்.

2014-இல் மாருதி நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் ஆகியவற்றில் 1,03,311 வண்டிகளை அழைத்தது. 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை தயாரானவை. பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயில் குறை. தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் எரிபொருள் வாசனையோ கசிவோ வரலாம்.

2022 ஏப்ரலில் 19,731 ஈக்கோ வண்டிகள், சக்கர வட்டின் அளவு தவறாகக் குறிக்கப்பட்டதற்காக அழைக்கப்பட்டன. இவை 2021 ஜூலை 19 முதல் அக்டோபர் 5 வரை தயாரானவை.

2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ இரண்டிலுமாக 87,599 வண்டிகள் அழைக்கப்பட்டன. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை. டை ராடில் உள்ள ஒரு பகுதி முறியக்கூடும் என்பதே காரணம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னோமே, அதே உறுப்புதான்.

முதல் சொந்தக்காரர் வீடு மாறியிருப்பார். தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும். நிறுவனம் அனுப்பிய செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திராது. வண்டி கை மாறியது. குறையும் கூடவே கை மாறியது. ஆகவே விலை பேசும் முன்பே ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. வண்டியில் பொறித்த எண்ணோடு அது ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, “இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் உண்டா? உண்டென்றால் வேலை முடிந்துவிட்டதா?” என்று கேளுங்கள். முடியாமலிருந்தால் இலவசமாகச் செய்து தரக் கோருங்கள். இரண்டாம் சொந்தக்காரர் என்று கூச்சப்படத் தேவையில்லை. அந்த எண்ணை வைத்தே பழைய சர்வீஸ் விவரத்தையும் கேட்டால், கிலோமீட்டர் கணக்கைத் திருத்தியிருப்பதும் தெரிந்துவிடும்.

இந்தியாவில் நிறுவனங்கள் தாமாக முன்வந்து இவ்வாறு அழைக்கும் நெறிமுறை 2012-இல்தான் வந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்கச் செய்யும் விதி நடைமுறைக்கு வந்தது. இவ்விதி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதைவிட வயதான வண்டிக்கு இந்தக் காவல் இல்லை. உங்கள் கண்ணும் உங்கள் மெக்கானிக்கின் கையுமே காவல்.

ஆவணங்கள்

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 ஆண்டு வண்டியை வாங்குபவர் அடுத்த ஆண்டே அந்தக் கட்டணத்தையும் பசுமை வரியையும் கட்ட வேண்டும் என்பதை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கடன் பாக்கி இருந்த வண்டியானால், கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள். வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவித்தல் வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நிலுவை அபராதங்களையும் கணினியில் பார்த்துக் கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என விதி உள்ளது. வியாபாரியிடம் வாங்கினால் அதைக் கேளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு அலுவலகப் பதிவில் பெயருள்ளவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பழகியவர் என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வெள்ளைப் பலகை வண்டியில் வாடகைக்குச் சுமையோ பிள்ளைகளையோ ஏற்றுதல் கூடாது. அதற்கென்று தனிப் பதிவும் பெர்மிட்டும் உண்டு. இருக்கைகளைக் கழற்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் முன் அனுமதி தேவை.

சுமைக் கணக்கு

மட்டையோடு கூடிய தேங்காய் ஒன்று ஒன்றேகால் கிலோ எனக் கொண்டால், 400 காய் 500 கிலோ. ஓட்டுபவரும் துணைக்கு ஒருவரும் சேர்ந்தால் 620 கிலோவைத் தாண்டும். “இடம் இருக்கிறதே” என்று இன்னும் 100 காயைத் திணிப்பதால்தான் வில் தகடு முறிகிறது, டயர் வெடிக்கிறது, பிரேக் பிடிக்காமல் போகிறது. நிறுவனம் சொன்ன மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே ஏற்றத்தக்க சுமை; அதில் ஆட்களின் எடையும் அடங்கும். வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. சுமையோடு செல்லும்போது மதுரை – செங்கோட்டைச் சாலையில் பேருந்தோடு போட்டி வேண்டாம்.

வாங்கிய பிறகு

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அதைக் கொண்டு முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் எண்ணெய், குளிர்விப்புத் திரவம், வடிகட்டிகள், எரிபொருள் குழாய்கள், பல் வார் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். பிறகு வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போதே, ஆயில் மட்டம், தண்ணீர் மட்டம், டயர் காற்று, பிரேக் எண்ணெய், விளக்குகள் ஐந்தையும் பாருங்கள். உரம் ஏற்றிய அன்றே தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காய வைத்தல் வேண்டும். மாதம் இவ்வளவு என்று ஒரு நோட்டில் செலவை எழுதி வாருங்கள். செலவு வாடகை வண்டிச் செலவைத் தாண்டினால், வைத்திருப்பதா விற்பதா என்பதை அந்த நோட்டே சொல்லும்.

பூ விவசாயியின் கதையை முடித்துவிடுகிறேன். ரேடியேட்டரையும் ஹெட் கேஸ்கட்டையும் மாற்றி, இயந்திரத்தைத் திருத்தி எடுக்க வேனின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயிற்று. இன்று வண்டி ஓடுகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அண்மையில் வேன் பார்க்கப் போனபோது, இவரையும் உடன் அழைத்துச் சென்றாராம். இவர் போனதும் முதல் வேலையாக இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. இருவரும் வீடு திரும்பி விட்டனர்.